சுரங்கம் திறந்தது; கணவாய்ச் சாலை யாருக்கு?

ஹிமாசலப் பிரதேசத்தில் ரோத்தாங் கணவாய்க்கு அடியில் 9.02 கி.மீ. நீளத்துக்குக் குடையப்பட்ட அடல் சுரங்கப்பாதை 2020-ஆம் ஆண்டு அக்டோபர் 3-ஆம் தேதி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. மணாலிக்கும் லே நகருக்கும் இடையிலான தொலைவு 46 கி.மீ. குறைந்தது. பனிக்காலம் தொடங்கிவிட்டால் ஏறக்குறைய ஆறு மாதங்கள் வெளியுலகத் தொடர்பு அற்றுக் கிடந்த லாஹௌல் பள்ளத்தாக்கு மக்களுக்கு அது மறுவாழ்வு. பிரசவ வேதனையில் துடிக்கும் பெண்ணைக் குல்லு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல ஹெலிகாப்டருக்குக் காத்திருந்த காலம் முடிந்தது. அந்தச் சுரங்கம் தேவைதானா என்று கேட்பதற்கு எவருக்கும் நியாயமில்லை.

ஆனால், திறப்பு விழாவின்போதும் அதற்குப் பின்னரும் போதிய அளவில் பேசப்படாத ஒன்று உண்டு. கணவாயின் மீது வளைந்து வளைந்து ஏறும் பழைய சாலையின் கதி என்ன என்பதே அது.

மணாலியிலிருந்து ரோத்தாங் உச்சி 51 கி.மீ. தொலைவு. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,050 மீட்டர் உயரத்தில் தொடங்கும் சாலை, 3,978 மீட்டர் வரை ஏறுகிறது. கோட்டி கிராமம் வரை தேவதாரு மரங்களின் நிழல். குலாபாவைத் தாண்டினால் மரங்கள் குட்டையாகி, மட்ஹியை நெருங்கும்போது புல்வெளி மட்டுமே எஞ்சுகிறது. அதற்கும் மேலே பாறையும் பனியும்தான். ரோத்தாங் என்ற பெயருக்கே பிணக்குவியல் என்று பொருள் சொல்வர். பனிப்புயலில் சிக்கி மாண்ட வணிகர்களையும் கூலியாள்களையும் நினைவூட்டும் பெயர் அது.

சுரங்கம் வருவதற்கு முன்பு இந்தச் சாலையில் லாரிகளும், ராணுவ வாகன அணிகளும், சுற்றுலா டாக்ஸிகளும் முண்டியடித்துக் கொண்டிருந்தன. உச்சிக்குக் கீழே சேற்றில் ஒரு லாரி அச்சு முறிந்து நின்றுவிட்டால், அதன் பின்னால் மணிக்கணக்கில் வாகனங்கள் வரிசை கட்டும். இன்று அந்தச் சுமையில் பெரும்பகுதி மலைக்கு அடியில் போய்விட்டது. பனியைத் தொட்டுப் பார்க்க விரும்பும் சுற்றுலாப் பயணிகளின் வாகனங்கள் மட்டும் இன்னமும் மேலே வருகின்றன. அவற்றுக்கும், தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2014-ஆம் ஆண்டு முதல் பிறப்பித்த உத்தரவுகளின்படி, அன்றாட எண்ணிக்கைக்கு உச்சவரம்பும் அனுமதிச் சீட்டும் உண்டு. வாகனப் புகையின் கரி படிந்து பனி விரைவாக உருகுகிறது என்பதே தீர்ப்பாயத்தின் கவலை. உதகைக்கும் கொடைக்கானலுக்கும் 2024-ஆம் ஆண்டு மே மாதம் சென்னை உயர்நீதிமன்றம் இ-பாஸ் முறையைக் கொண்டுவந்ததை அறிந்த தமிழக வாசகர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல.

ஆக, நாட்டின் மிக அழகிய மலைச் சாலைகளில் ஒன்று, பாதி ஓய்வு பெற்ற நிலையில் இருக்கிறது. அதனால் அதிகப் பயன் பெறக்கூடியவர் மிதிவண்டியில் வருபவரே.

மணாலி - லே சாலை உலக மிதிவண்டிப் பயணிகளிடையே பெரும்புகழ் பெற்றது. ரோத்தாங், பாராலாச்சா, நகீ, லாச்சுலுங், தங்லாங் என ஐந்து கணவாய்கள். கடைசியானது 5,328 மீட்டர். கத்தா வளைவுகள் என்ற இடத்தில் மட்டும் 21 கொண்டை ஊசி வளைவுகள். ஜூன் முதல் செப்டம்பர் வரை பலரும் எட்டு முதல் பத்து நாள்களில் இதைக் கடக்கிறார்கள். ஒரு காலத்தில் ஐரோப்பியர்கள் மட்டுமே இப்படி வந்தார்கள். இப்போது பெங்களூரு, புணே, தில்லி, சென்னை போன்ற நகரங்களின் இளைஞர்களும் வருகிறார்கள். தாண்டி என்ற ஊரில் உள்ள பெட்ரோல் நிலையத்தின் அருகே, அடுத்த நிலையம் 365 கி.மீ. தொலைவில் என்று எச்சரிக்கும் பலகை நெடுங்காலம் புகழ்பெற்றிருந்தது. அதைப் பார்த்துக் கவலைப்படாமல் கடந்து செல்ல முடிந்தவர் சைக்கிள்காரர் ஒருவர்தான்.

அவருக்குப் பழைய ரோத்தாங் சாலை வெறும் வேடிக்கைப் பாதையல்ல. மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் வாகனங்கள் பாய்வதற்காக வடிவமைக்கப்பட்ட, மூடிய ஒன்பது கிலோமீட்டர் குழாய்க்குள் மிதித்துச் செல்வதை எவரும் விரும்பமாட்டார். கணவாய்ச் சாலை பழுதடைந்தால் பயணத்தின் முதல் கண்ணியே அறுந்துவிடும். ஸ்பிதி பள்ளத்தாக்குக்குச் செல்வோருக்கும் இதே நிலைதான். கணவாயைத் தாண்டி இறங்கியதும் வரும் கிராம்பூவில்தான் சாலை இரண்டாகப் பிரிகிறது. இடப்புறம் கேலாங் வழியாக லடாக். வலப்புறம் சந்திரா நதியை எதிர்த்து ஸ்பிதி.

இமயமலையில் இரண்டு ஆண்டுகள் கவனிக்காமல் விடப்பட்ட சாலை, சாலையாக இருப்பதில்லை. உருகும் பனி சிறுபாலங்களை அரிக்கும்; தாங்குசுவர் ஒரு மழைக்குச் சரியும்; மேலிருந்து உருண்டு வந்த பாறை கிடந்த இடத்திலேயே கிடக்கும். ஒவ்வோர் ஆண்டும் பல மீட்டர் உயரப் பனிச்சுவரை வெட்டி வழிதிறக்கும் எல்லைச் சாலைகள் அமைப்புக்கு, படைகளுக்கான பாதையைத் திறந்து வைப்பதே முதற்கடமை. படைகள் சுரங்கத்தின் வழியே போன பின், மேலே செல்லும் சாலைக்கு யார் செலவு செய்வது, எதற்காகச் செய்வது என்ற கேள்வி இன்றில்லாவிட்டால் நாளை எழும்.

இது ரோத்தாங்கின் பிரச்னை மட்டுமன்று. ஜம்மு - ஸ்ரீநகர் நெடுஞ்சாலையில் 2017-ஆம் ஆண்டு ஏப்ரலில் சனானி - நாஷ்ரி சுரங்கம் திறக்கப்பட்டது. அதே நெடுஞ்சாலையில் 2021-இல் பனிஹால் - காஸிகுண்ட் சுரங்கத்தில் போக்குவரத்து தொடங்கியது. 2025-ஆம் ஆண்டு ஜனவரியில் சோனாமார்க் சுரங்கம் திறக்கப்பட்டது. அதற்கு அப்பால் ஸோஜி லா கணவாய்க்கு அடியில் 13 கி.மீ. நீளச் சுரங்கம் உருவாகி வருகிறது. ஹிமாசலத்தையும் லடாக்கின் ஸன்ஸ்கார் பகுதியையும் இணைக்கும் ஷிங்கு லா சுரங்கப் பணி 2024-ஆம் ஆண்டு ஜூலையில் தொடங்கப்பட்டது. மணாலி - லே தடத்தின் மற்றக் கணவாய்களையும் சுரங்கங்களால் கடக்கும் யோசனைகள் பேசப்பட்டு வருகின்றன. ஒவ்வொரு சுரங்கமும் ஒரு கணவாய்ச் சாலையை அநாதையாக்கும். சுரங்கத்துக்கான திட்ட அறிக்கையில் காற்றோட்டக் குழாய் முதல் தீயணைப்புக் கருவி வரை எல்லாவற்றுக்கும் இடம் இருக்கிறது. விடப்படும் சாலைக்குத்தான் இடமில்லை.

விடப்பட்ட சாலையின் ஓரத்தில் மனிதர்கள் வாழ்கிறார்கள் என்பதை ஜம்மு பகுதி ஏற்கெனவே உணர்த்தியுள்ளது. சனானி - நாஷ்ரி சுரங்கம் வந்ததும் குத், பட்னிடாப், பட்டோட் ஆகிய ஊர்களைத் தொடாமலே வாகனங்கள் ஸ்ரீநகருக்குச் செல்லத் தொடங்கின. பேருந்துகள் நின்று பட்டீஸா இனிப்பு வாங்கிச் சென்ற குத் கடைத்தெரு களையிழந்தது. வணிகம் படுத்துவிட்டதாக அங்குள்ள கடைக்காரர்களும் உணவக உரிமையாளர்களும் முறையிட்டனர். பயண நேரம் இரண்டு மணி குறைந்தது நாட்டுக்கு லாபம். அந்த இரண்டு மணி நேரத்தில்தான் அவர்கள் பிழைத்தார்கள்.

இதே சிக்கலைச் சந்தித்த நாடுகள் என்ன செய்தன என்று பார்ப்பதில் தவறில்லை. சுவிட்சர்லாந்தின் கோட்ஹார்ட் கணவாய்க்கு அடியில் ஏறத்தாழ 17 கி.மீ. நீளச் சாலைச் சுரங்கம் 1980-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அதற்கு மேலே, 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமைக்கப்பட்ட த்ரெமோலா என்ற பழைய சாலை இருந்தது. கருங்கல் பாவிய, அடுக்கடுக்கான கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட சாலை. கல்லைப் பெயர்த்துவிட்டுத் தார் போட்டிருக்கலாம்; அல்லது புல் முளைக்க விட்டிருக்கலாம். இரண்டையும் செய்யாமல், கல் பெயர்ந்த இடத்தில் கல்லையே பதித்துக் காப்பாற்றினார்கள். இன்று அந்தக் கல் சாலையில் ஏற வேண்டும் என்பதற்காகவே மிதிவண்டியுடன் அங்கு வருவோர் ஏராளம். இத்தாலியில் 2,757 மீட்டர் உயரமுள்ள ஸ்டெல்வியோ கணவாயை ஆண்டில் ஒரு நாள் மோட்டார் வாகனங்களுக்கு மூடிவிட்டு, மிதிவண்டிகளுக்கு மட்டும் திறந்துவிடுகிறார்கள். அதற்குப் பெரும் முதலீடு எதுவும் தேவைப்படவில்லை. ஓர் அறிவிப்பும், இரு முனைகளிலும் காவலர்களும் போதுமானதாக இருந்தது.

நம் நாட்டில் மலைச் சுற்றுலாவின் வெற்றி, எத்தனை வாகனங்கள் ஏறின என்ற எண்ணிக்கையைக் கொண்டே அளக்கப்படுகிறது. 2023-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஒரே நாளில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வாகனங்கள் அடல் சுரங்கத்தைக் கடந்தன. நாளொன்றுக்கு 3,000 கார்கள், 1,500 லாரிகள் என்ற கணக்கில் அமைக்கப்பட்ட சுரங்கம் அது. நெரிசலில் பொறுமை இழந்த ஒருவர் தமது ஜீப்பைச் சந்திரா நதிக்குள்ளேயே இறக்கி ஓட்டிச் சென்ற காட்சியை நாடே பார்த்தது. காவல்துறை அபராதம் விதித்தது. அந்த வாகனங்களில் வந்தவர்களில் எத்தனை பேர் லாஹௌலின் ஒரு வீட்டில் தங்கி ஒருவேளை உணவு உண்டிருப்பார்கள்? காலையில் மணாலியிலிருந்து புறப்பட்டு, சிஸ்ஸுவில் பனியில் புரண்டு, நெகிழிப் பைகளை விட்டுவிட்டு, மாலையில் மணாலிக்கே திரும்பியவர்கள்தாம் பெரும்பாலோர். பணம் மணாலியில் தங்கியது. குப்பை லாஹௌலில் தங்கியது.

மிதிவண்டியில் வருபவரின் கணக்கு வேறு. அவர் ஒரு நாளில் ஐம்பது கிலோமீட்டர் போனால் அதிகம். இருட்டும் இடத்தில் தங்கியாக வேண்டும். பசி அவரைக் கடைகளின் முன் நிறுத்திவிடும். காரில் செல்பவர் கண்ணாடி வழியே பார்த்துக் கடந்துவிடும் தேநீர்க் கடையில், அவர் இரண்டு கோப்பைத் தேநீரும் நான்கு ரொட்டியும் பருப்பும் கேட்பார். எண்ணிக்கையில் அவர்கள் சிலரே என்பது உண்மை. ஆனால், மணாலியிலிருந்து லே வரை ஒருவர் செலவழிக்கும் ஒன்பது இரவுகளும் ஒன்பது வெவ்வேறு சிற்றூர்களுக்கும் கூடாரக்காரர்களுக்கும் பிரிந்து போகின்றன. பெரிய விடுதிக்காரருக்கு அந்த வருமானம் அற்பம். ஜிஸ்பாவிலோ ரும்சேயிலோ இரண்டு அறைகளை ஒழித்து வைத்திருக்கும் குடும்பத்துக்கு அப்படியல்ல.

உடல்நலம் சார்ந்த ஒரு நன்மையும் உண்டு. தில்லியில் காலையில் விமானம் ஏறுபவர் ஒன்றேகால் மணி நேரத்தில் 3,500 மீட்டர் உயரமுள்ள லே நகரில் இறங்கிவிடுகிறார். காற்றில் பிராணவாயு குறைந்த நிலைக்கு உடல் பழக அவகாசமே இல்லை. தலைவலி, குமட்டல், தூக்கமின்மை எனத் தொடங்கி, அலட்சியம் செய்தால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்து உயிருக்கே ஆபத்தாகலாம். 3,000 மீட்டருக்கு மேல் சென்றால், உறங்கும் இடத்தின் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது, மூன்று நான்கு நாள்களுக்கு ஒருமுறை ஓய்வு வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் விதி. காலால் மிதித்து ஏறுபவருக்கு அந்த விதியைப் பின்பற்றுவது எளிது. பழைய ரோத்தாங் சாலை இதற்கு ஏற்ற பயிற்சிக் களமும்கூட. பகலில் ஏறத்தாழ 4,000 மீட்டரைத் தொட்டுவிட்டு, மறுபுறம் இறங்கி, 800 மீட்டர் கீழே உள்ள கோக்சரில் உறங்கலாம். உயரே ஏறித் தாழ்வில் உறங்குவது உடலைப் பழக்கும் நல்ல முறை. சுரங்கம் வழியே ஜீப்பில் சென்று ஜிஸ்பாவில் பயணத்தைத் தொடங்குபவர் இந்த வாய்ப்பை இழக்கிறார்.

ஸ்பிதியின் பாதைகள் இன்னும் தனித்தன்மை வாய்ந்தவை. கிராம்பூவிலிருந்து சத்ரு, பாத்தல் வழியாக குன்ஸும் கணவாய் ஏறி லோசர் கிராமத்தில் இறங்கும் வழியில் நெடுந்தொலைவுக்குச் சரளையும் உருண்டைக் கல்லுமே சாலை. பனியாறுகளிலிருந்து வரும் ஓடைகள் பல இடங்களில் சாலையின் மீதே ஓடுகின்றன. விடியற்காலையில் கணுக்கால் அளவு ஓடும் நீர், வெயிலில் பனி உருகிப் பிற்பகலில் முழங்காலைத் தாண்டும். அதனால் இங்கே பயணம் கடிகாரத்தை ஒட்டியே நடக்க வேண்டும்; ஓடைகளைக் காலையிலேயே கடந்துவிட வேண்டும். இந்த ஒரு செய்தியை விளக்கும் அரசுப் பலகை ஒன்றை கிராம்பூ சந்திப்பில் வைத்தால், ஆண்டுதோறும் நீரில் சிக்கித் தவிக்கும் வாகனக்காரர்களுக்கும் அது உதவும்.

காஸாவுக்கு மேலே லங்ஸா, ஹிக்கிம், கோமிக் ஆகிய மூன்று ஊர்களை இணைக்கும் வளையப் பாதை உண்டு. மூன்றும் 4,400 மீட்டரை ஒட்டியும் மேலேயும் அமைந்த ஊர்கள். ஹிக்கிமில் 1983-ஆம் ஆண்டு முதல் ஓர் அஞ்சலகம் இயங்கி வருகிறது. உலகிலேயே மிக உயரமான அஞ்சலகங்களில் ஒன்றாகச் சொல்லப்படுவது. பயணிகள் அங்கே அஞ்சலட்டை வாங்கி வீட்டுக்கு எழுதிப் போடுவது வழக்கம். எதிர்ப்புறம் கீ மடாலயம், கிப்பர், ஆழமான பிளவின் மீது 2017-இல் திறக்கப்பட்ட சிச்சம் பாலம். கீழே நதியோரமாகச் சென்றால் தங்கர். அதற்கும் அப்பால், கி.பி. 996-இல் நிறுவப்பட்ட தபோ மடாலயம். சற்றே அகலமான டயர், அதில் குறைவான காற்று, ஏற்றத்துக்கு இலகுவான பல்சக்கரம் ஆகியவை கொண்ட மிதிவண்டி இருந்தால், ஒரு வாரம் காஸாவிலேயே தங்கி நாளுக்கொரு திசையில் சென்று வரலாம். வெளிநாடுகளில் இத்தகைய சரளைப் பாதைப் பயணங்களுக்கு மவுசு கூடிவருகிறது. அங்கு பாதையைத் தேடி அலைய வேண்டியிருக்கிறது. ஸ்பிதியில் அது ஏற்கெனவே இருக்கிறது.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். சரளைச் சாலையின் அழகைப் பேசுபவர் வாரக் கடைசியில் ஊர் திரும்பிவிடுவார். கிப்பரில் நெஞ்சுவலி கண்ட முதியவரைக் காஸா மருத்துவமனைக்குக் கொண்டுவரும் ஜீப்பில், ஒவ்வொரு சரளைக் கல்லும் அவர் முதுகில் குத்தும். பச்சைப் பட்டாணி மூட்டை சந்தைக்குப் போய்ச் சேருவதற்குள் வாடிவிட்டால் நஷ்டம் விவசாயிக்குத்தான். அவர்கள் தார்ச் சாலை கேட்பதைக் குறை சொல்ல நகரவாசிக்கு உரிமை கிடையாது. எல்லைச் சாலைகள் அமைப்பு ஸ்பிதி சாலையை மேம்படுத்தி வருவதும் எல்லைப் பாதுகாப்பை முன்னிட்டே. 2020-ஆம் ஆண்டு கல்வான் பள்ளத்தாக்கில் நேர்ந்ததற்குப் பிறகு, அதன் தேவையை விளக்க வேண்டியதில்லை.

ஆகவே, எந்த ஊரின் சாலைக்கும் தார் வேண்டாம் என்பதல்ல வாதம். புதிய தடம் அமைக்கப்படும் இடங்களில் பழைய தடத்தை அழிக்காமல் விட வேண்டும் என்பதே. மலையைக் குடையும்போதும் வெட்டும்போதும் கிடைக்கும் மண்ணையும் கல்லையும் கொட்ட இடம் தேடும் ஒப்பந்தக்காரருக்கு, கைவிடப்பட்ட பழைய வளைவு வசதியான இடமாகத் தெரியும். ஒருமுறை கொட்டிவிட்டால் அந்தப் பாதை திரும்ப வராது. அடுத்த பருவமழையில் அந்தக் குவியல் கரைந்து கீழே உள்ள ஓடையை அடைத்தால், அதன் விளைவு வேறு.

அகலச் சாலை ஒன்றை மட்டுமே நம்பியிருப்பது எத்தகைய ஆபத்து என்பதையும் ஹிமாசலம் அனுபவித்துவிட்டது. 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டில் கின்னௌர் மாவட்டம் நிகுல்சரியில் மலைச்சரிவு ஒரு பேருந்தையும் பிற வாகனங்களையும் மூடியதில் 28 பேர் உயிரிழந்தனர். அதற்குச் சில நாள்களுக்கு முன்புதான் சாங்க்லா பள்ளத்தாக்கில் பாறைகள் உருண்டு ஒன்பது சுற்றுலாப் பயணிகள் மாண்டனர். 2023-ஆம் ஆண்டு ஜூலையில் பியாஸ் நதி பெருக்கெடுத்துக் குல்லு - மணாலி நான்குவழிச் சாலையைப் பல இடங்களில் விழுங்கியது. 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டிலும் அதே நிலை. அந்த 2023 வெள்ளத்தின்போது, மணாலிக்குப் போக வர நதியின் இடக்கரையில் உள்ள பழைய குறுகிய சாலையே உதவியது. மாற்றுப் பாதை ஒன்றைப் பயன்பாட்டில் வைத்திருப்பதன் மதிப்பு அப்போதுதான் தெரிந்தது. யாரும் போகாத பாதை பேரிடர் நாளில் திடீரென உதவாது. சிலராவது தினமும் போய்வரும் பாதையே உதவும்.

மத்திய அரசு 2023-ஆம் ஆண்டு பிப்ரவரியில் துடிப்பான கிராமங்கள் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. வடக்கு எல்லையில் மக்கள் வெளியேறுவதால் காலியாகிவரும் ஊர்களில், அவர்களைத் தங்கவைப்பதே நோக்கம். ஒதுக்கீடு 4,800 கோடி ரூபாய்; அதில் 2,500 கோடி ரூபாய் சாலைகளுக்கு. முதல் கட்டத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட 662 கிராமங்களில் 75 ஹிமாசலத்தைச் சேர்ந்தவை. சுற்றுலா வழியாக வருமானம் என்பது திட்டத்தின் அறிவிக்கப்பட்ட குறிக்கோள்களில் ஒன்று. ஆனால், சுற்றுலா என்றதும் அதிகாரிகளின் கற்பனை விருந்தினர் மாளிகை, வாகன நிறுத்துமிடம், தற்படம் எடுக்கும் மேடை என்பதற்கு மேல் போவதில்லை. சாலைக்கான 2,500 கோடியில் ஒரு துளியைப் பழைய தடங்களைப் பராமரிக்க ஒதுக்கலாம். எந்த ஊருக்கும் அடுத்த ஊருக்கும் எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு ஏற்றம், எங்கே குடிநீர், எங்கே படுக்கை, எங்கே பிராணவாயு உருளையுடன் சுகாதார நிலையம் என்பதைக் காட்டும் ஒரு வரைபடத்தை மாவட்ட நிர்வாகம் அச்சிடலாம். இதைவிடக் குறைந்த செலவில் எல்லைக் கிராமத்துக்கு விருந்தாளியை வரவழைக்கும் வழி வேறில்லை. வீடுகளிலேயே பயணிகளைத் தங்கவைக்கும் திட்டத்தை ஹிமாசல அரசு 2008-ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. வரைபடத்தில் அந்த வீடுகளைக் குறிப்பதுதான் பாக்கி.

தைவானில் காவல் நிலையங்களிலேயே மிதிவண்டிப் பயணிகளுக்குக் குடிநீரும் காற்றடிக்கும் பம்பும் வைத்திருக்கிறார்கள். கோக்சரிலும் லோசரிலும் காவல் சாவடிகள் உண்டு. ஒரு பம்பும், பஞ்சர் ஒட்டும் பொருள்களும், ஒரு குடம் நீரும் வைக்க நிதியமைச்சகத்தின் ஒப்புதல் தேவைப்படாது.

போய்ச் சேருவதிலும் சங்கடம் இருக்கிறது. ரயிலில் மிதிவண்டியைப் பார்சல் பெட்டியில்தான் அனுப்ப வேண்டும். பயணி இறங்கும் நாளிலேயே அது வந்து சேரும் என்பதற்கு உத்தரவாதமில்லை. தில்லியிலிருந்து மணாலிக்குச் செல்லும் பேருந்தில் அதை ஏற்றிக்கொள்வதும் மறுப்பதும் நடத்துநரின் அன்றைய மனநிலையைப் பொறுத்தது. கட்டணம் இவ்வளவு என்று எழுதி ஒட்டிவிட்டால் இந்தப் பேரம் ஒழிந்துவிடும்.

ஆபத்துகளையும் மறைக்க வேண்டியதில்லை. நாட்டில் சாலை விபத்துகளில் ஆண்டுதோறும் மிதிவண்டியில் சென்றோர் நான்காயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழப்பதாக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2021, 2022 ஆண்டறிக்கைகள் கூறுகின்றன. அவர்களில் மிகப் பெரும்பாலோர் வேலைக்கும் பள்ளிக்கும் சென்று திரும்பிய எளிய மக்கள். மலைக்கு உல்லாசமாக வந்தவர்கள் அல்லர். மலையிலோ, சமவெளியிலிருந்து புதிதாக வந்த காரோட்டி, ஏறுகிறவருக்கு முன்னுரிமை என்ற மலைச்சாலை மரபை அறியாமல் குருட்டு வளைவில் முந்துகிறார். மிதிவண்டிக்காரரிடமும் குற்றம் உண்டு. விளக்கின்றி அந்தி நேரத்தில் இறங்குவோர், இரண்டு நாள் ஓய்வெடுக்கச் சொன்னால் விடுமுறை இல்லை என்று மேலே ஏறுவோர், சர்ச்சு சமவெளியில் காலிப் பொட்டலங்களை வீசிச் செல்வோர் அவர்களிலும் இருக்கிறார்கள். சூழலுக்கு நண்பன் என்ற பட்டம் வண்டிக்குத்தான் தானாக வரும், ஓட்டுபவருக்கு அல்ல.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்துவிட முடியாது. ரோத்தாங்கிலிருந்து தொடங்கலாம். சாலைப் பராமரிப்புக்கென வாரத்தில் ஒரு நாள் சுற்றுலா வாகனங்களை அங்கு அனுமதிக்காத வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. இயந்திரங்கள் வேலை செய்யும் நேரம் தவிர, காலை ஆறு முதல் பத்து மணி வரை அந்த நாளை மிதிவண்டிகளுக்கு ஒதுக்கலாம். வசந்தத்தின் முடிவில் பனிச்சுவர்களை வெட்டி வழி திறந்த பின்னரும், சுற்றுலா வாகனங்களுக்கு அனுமதி கிடைக்கச் சில நாள்கள் ஆவதுண்டு. இருபுறமும் ஆளுயரத்துக்கு மேல் பனி நிற்க, நடுவே ஈரமான கறுப்புச் சாலை மட்டும் வெறுமையாகக் கிடக்கும் நாள்கள் அவை. பனிச்சரிவு அபாயம் இல்லையென்று எல்லைச் சாலைகள் அமைப்பு சான்றளித்ததும், அந்த நாள்களை முன்கூட்டியே அறிவித்து மிதிவண்டிகளுக்கும் நடந்து செல்வோருக்கும் மட்டும் கணவாயைத் திறந்துவிடும் உத்தரவைக் குல்லு மாவட்ட நிர்வாகம் பிறப்பிக்கலாம். மட்ஹியில் தேநீர்க் கடைக்காரர்கள் வழக்கத்துக்கு ஒரு வாரம் முன்பே அடுப்பைப் பற்றவைக்க அது போதும்.